மலையை விட்டு இறங்காத பெண்

கமிசவா
9 ஜூன் 1973

அன்புள்ள ரிட்சுகோவுக்கு,

நீயும் உங்கள் பத்திரிகைப் படக்காரர் ஒகிமோரியும் இறங்கிப் போன மறுநாள் பிடித்த மழை இன்னும் விடவில்லை. வரப்பெல்லாம் ஊறிக் கிடக்கிறது. நாற்று எல்லா வயலிலும் வேர் பிடித்துப் பச்சை கட்டிவிட்டது, படத்துக்காகக் கையால் நடச் சொன்னாயே, அந்த மேல் வயலைத் தவிர. போன வருஷம் மிஷின் வந்ததிலிருந்து குனிந்து நடுவதையே விட்டுவிட்டோம் அல்லவா, ஒரு வரிசையும் நேராக இல்லை. உன் அண்ணன் தினமும் காலையில் அங்கே போய் நின்று, "இது நாத்தா, இல்ல நண்டு நடந்த தடமா?" என்று எனக்குக் கேட்கும்படி சொல்கிறார்.

மிஷினைப் பாய் போட்டு மூடினோமே, அதில்தான் அவருக்கு உண்மையான கோபம். "ஊரே சேந்து ஆசையா வாங்கினது. பொணத்த மூடற மாதிரி மூடி வச்சீங்களே, படத்துல விழுந்துரும்னு!" என்றார். சிரித்து மழுப்பினேன். நாத்தனாருக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

மினேகோவைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நீ அவளைப் பார்த்தபோது அவள் ஏற்கெனவே நீலத்துணியும் கோரைத் தொப்பியுமாக நின்றாள். அதற்கு முன்னால் என் வீட்டுச் சமையலறையில் ஒரு பெரிய வாக்குவாதம். "அத்தை, நான் டெலிபோன் ஆபீஸ்ல வேலை பாக்கறவ. லீவு போட்டு அம்மாவுக்கு ஒத்தாசையா வந்திருக்கேன். எனக்கு எதுக்கு இந்த வேஷம்?" என்றாள். இந்த வருஷம் உன் அண்ணன் ஊர்த்தலைவர் என்பதைச் சொல்லாமல் சொல்லிக் காட்டினேன். அவள் அம்மா தோமே அக்காவும் என் பக்கம் சேர்ந்துகொண்டாள். "போட்டுக்கடி. பொஸ்தகத்துல வருமாம். கல்யாணத்துக்கு முன்னாடி உன்னை நாலு பேரு பாக்கட்டும்!"

அறுவடை முடிந்ததும் நவம்பரில் கல்யாணம். மாப்பிள்ளை குனியோ, கீழே தோச்சிஹாராவில் பெரிய துணிக்கடைக்காரர் மகன். மாமியார் லேசுப்பட்டவள் இல்லை. "எங்களுக்குச் சேத்துல எறங்கற பொண்ணு வேண்டாம். நாலு பேருகிட்ட நாசூக்காப் பேசத் தெரிஞ்ச பொண்ணு வேணும்" என்று சொல்லித்தான் மினேகோவைத் தேர்ந்தெடுத்தாளாம். தோமே அக்கா அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறாள்.

கோடைக்கும், அறுவடைக்கும், பனிக்கும் வருவேன் என்றாயே, நான்கு பருவத்தையும் எழுதப்போவதாக. வா. ஊரே பத்திரிகைக்காகக் காத்திருக்கிறது.

சுமியே


டோக்கியோ
4 ஜூலை 1973

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரிகையைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. மினேகோ நிமிர்ந்து பார்க்கும் படத்தை இரண்டு பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் எல்லாரும் அதைச் சுவரில் ஒட்டச் சொல்லிக் கேட்டார்கள்.

எழுத்தைப் பற்றி ஒன்று. பத்திரிகை எழுத்துக்கு ஒரு போக்கு உண்டு. வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், கொஞ்சம் தூக்கிக் காட்டுவார்கள். நீங்கள் படங்களைப் பாருங்கள். ஊராருக்கும் படங்களையே காட்டுங்கள். வரிகளை ரொம்பப் பொருட்படுத்த வேண்டாம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் ஊருக்கு வரும் ஒவ்வொரு அழைப்பும் மினேகோவின் கை வழியாகத்தானே போக வேண்டியிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முன்னோரின் ஆவி வீடு தேடி வரும் பண்டிகை நாட்களுக்கு ஆகஸ்டில் வருகிறேன். அண்ணனிடம் சொல்லுங்கள்.

ரிட்சுகோ


கமிசவா
15 ஜூலை 1973

ரிட்சுகோவுக்கு,

மழை நின்று வெயில் கொளுத்துகிறது. வழக்கம்போலப் பருவத்தைப் பற்றி மேலும் எழுத இன்று மனம் இல்லை.

"மினேகோவுக்கு இருபத்துமூன்று வயது. இந்த மலையை விட்டு அவள் இறங்கியதே இல்லை. இயந்திரம் தொடாத மண்ணில் பிறந்த அவளுக்கு, ரயில் என்பது பள்ளத்தாக்கிலிருந்து எப்போதாவது ஏறிவரும் ஒரு சத்தம்."

இதை யார் எழுதினார்கள்? நீ இந்த ஊரில் பிறந்தவள். மினேகோ தோச்சிஹாராவில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்தவள் என்று உனக்குத் தெரியும். நீ டோக்கியோவிலிருந்து கூப்பிட்டால் "யார் வேணும், சொல்லுங்க" என்று கேட்கும் குரலே அவளுடையதுதான்!

வாசற்படியில் நின்றபடியே படித்தேன். முடிப்பதற்குள் தோமே அக்கா வந்துவிட்டாள். தபால்காரர் வழியிலேயே சொல்லிவிட்டாராம். வயல் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள், காலெல்லாம் சேறு. படத்தை மூக்குக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாள். அவள் கண்ணில் புரை விழுந்திருப்பது உனக்குத் தெரியுமே, படம் ஒரு நிழலாகத்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் சிரித்தாள். பிறகு என்னிடம் நீட்டி, "என்ன போட்டிருக்கு, படி" என்றாள்.

படித்தேன். "மினேகோவுக்கு இருபத்துமூன்று வயது. தோச்சிஹாராவில் டெலிபோன் நிலையத்தில் பணிபுரிகிறாள். நடவு வந்துவிட்டால் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவுக்கு உதவ ஓடி வந்துவிடுவாள்."

என் வாயிலிருந்து எப்படி அப்படி ஒழுங்காக வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் இன்னும் இரண்டு வரி சேர்த்தேன், பொறுப்பான பெண், இனிய குரல் என்று.

"இன்னொரு தடவை படி" என்றாள்.

மறுபடி படித்தேன். முதலில் சொன்னது அப்படியே நினைவில் இல்லை.

"மொதல்ல 'ஓடி வந்துருவா'ன்னு படிச்சே. இப்ப 'வந்து சேர்ந்திடுவா'ங்கிறே."

"கண்ணு தவறிப் போச்சுக்கா."

"எனக்குக் கண்ணுலதான் புரை, காதுல இல்ல" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு அடுப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பத்திரிகையை விரித்துப் பிடித்து ஒரு குருட்டுக் கண்ணை ஏமாற்றிய கை இதுதான் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை நீதான் சரி செய்ய வேண்டும். ஆகஸ்டில் வரும்போது கேமராவைக் கொண்டு வராதே.

சுமியே


டோக்கியோ
2 ஆகஸ்ட் 1973

அண்ணிக்கு,

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த வரிகள் என்னுடையவை அல்ல. ஆசிரியர் கடைசி நேரத்தில் மாற்றியிருக்கிறார். நகரத்து வாசகர்களுக்கு டெலிபோன் நிலையத்தில் வேலை பார்க்கும் பெண்ணைக் காட்டி என்ன பயன், அவள்தான் அவர்கள் தெருவிலேயே இருக்கிறாளே என்பது அவர் வாதம். நான் என்ன செய்ய முடியும்?

நீங்கள் படித்துக் காட்டியதில் தப்பு ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் அதுவே நல்லது. மலைப்பக்கம் யார் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்கள்? அடுத்த மாதம் வேறு ஊர், வேறு முகம். மறந்துவிடுவார்கள்.

ஆகஸ்டில் வர முடியாது போலிருக்கிறது. வேலை நெருக்குகிறது. அம்மா அப்பா கல்லறையில் என் பெயரைச் சொல்லி நீங்களே தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

ரிட்சுகோ


கமிசவா
24 செப்டம்பர் 1973

ரிட்சுகோவுக்கு,

நீ சொன்னபடி மலைப்பக்கம் யாரும் அந்தப் பத்திரிகையை வாங்கவில்லை. தோமே அக்காவே அதைத் தோச்சிஹாராவுக்குச் சுமந்துகொண்டு போனாள்.

எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுப் பிரதியைத்தான் கேட்டு வாங்கிப் போயிருந்தாள், சாமி மாடத்தில் வைக்க என்று சொல்லி. போன வாரம் உன் அண்ணன் வண்டியில் பூசணிக்காய் ஏற்றிக்கொண்டு கீழே போனபோது, "சம்பந்தி வீட்டு வாசல்ல என்னை எறக்கி விட்டுரு" என்று ஏறிக்கொண்டாளாம். பத்திரிகையைப் பட்டுத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாளாம். உன் அண்ணன் கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

கடையில் இரண்டு மூன்று பெண்கள் துணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோமே அக்கா மேசைமேல் பத்திரிகையை விரித்து, "பாருங்க சம்பந்தி, உங்க மருமக" என்றாள். அந்த அம்மாள் சந்தோஷமாகத்தான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே படித்தாள். மலையை விட்டு இறங்கியதே இல்லை என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது.

"இப்படியா போட்டிருக்கு?" என்றாள்.

"அடுத்த வரியப் படிங்க" என்றாள் தோமே அக்கா. "டெலிபோன் ஆபீஸ்னு வரும்."

"டெலிபோனும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"சரியாப் பாருங்க. லீவு போட்டுட்டு வருவான்னு இருக்கும். குரல் இனிமையா இருக்கும்னு இருக்கும். கொஞ்சம் கீழ பாருங்க."

அந்த அம்மாள் கீழேயும் பார்த்தாளாம், மேலேயும் பார்த்தாளாம். துணி பார்க்க வந்தவர்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அவ்வளவுதான். "சொந்தக்காரங்ககிட்டெல்லாம் படிச்ச பொண்ணு, ஆபீஸ் பொண்ணுன்னு சொல்லி வச்சிருக்கேன். இதைப் பாத்தா என்னை என்ன நெனப்பாங்க? சேத்துல நிக்கறதைப் படம் புடிச்சு ஜப்பான் முழுக்கக் காட்டியாச்சு. இதை நீங்களே கையில தூக்கிட்டும் வர்றீங்க!" என்றாளாம். மாப்பிள்ளை குனியோ உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தானாம். நிமிரவில்லையாம்.

சம்பந்தம் பேசிய பெரியவர் நேற்று வந்து நிச்சயத்தை முறித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடைக்குப் போன அன்று தோமே அக்கா வண்டியை விட்டு இறங்கியதும் நேராக என் வீட்டுக்கு வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"நீ படிச்சதுதான் நல்லாருந்துச்சு சுமியே" என்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் எங்கள் வயலில் அறுவடை. முறை வைத்து ஒருவர் வயலுக்கு ஒருவர் போவோமே, அந்த முறைக்கு எல்லாருக்கும் முந்தி வந்து நின்றாள். அரிவாள் அவள் கையில் ஓடியது. கதிர்க்கட்டுகளைக் கம்பத்தில் தூக்கி மாட்டும்போது எனக்கு வாகாகக் கீழிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் எல்லாருக்கும் நான் சமைத்துக் கொண்டுபோயிருந்தேன். அவள் மட்டும் தள்ளிப் போய் வரப்பில் உட்கார்ந்து, தன் வீட்டிலிருந்து கொண்டு வந்த சோற்றுருண்டையைத் தின்றாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்படியென்றால் எல்லாருக்கும் தெரியும்.

சுமியே


டோக்கியோ
14 அக்டோபர் 1973

அண்ணி,

உங்கள் கடிதம் வந்து இவ்வளவு நாள் ஆகியும் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதை எழுத முடியாது.

ஆசிரியர் எதையும் மாற்றவில்லை. அந்த வரிகள் என்னுடையவை.

உள்ளதை உள்ளபடி எழுதித்தான் முதலில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "இதுல என்ன இருக்கு?" என்றார், அவ்வளவுதான். நான் மேசைக்குத் திரும்பி வந்து எழுதியது அது. எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. ரயில் சத்தம் என்ற வரி வந்தபோது பேனாவை வைத்துவிட்டு எழுந்து தேநீர் போட்டுக் குடித்தேன், அவ்வளவு திருப்தி. உங்கள் ஜூன் கடிதம் வந்தபோது அது அச்சுக்குப் போகவில்லை. அந்த மாமியார் எப்படிப்பட்டவள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். படித்தேன். மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

இரண்டாவது, இதைவிட மோசம். போன வாரம் யாரிடமும் சொல்லாமல் தோச்சிஹாராவுக்குப் போனேன். நேரே அந்தத் துணிக்கடைக்கு. உண்மையைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். குனிந்து வணங்கி, "அதுல எழுதினது பொய்ங்க, மினேகோ அப்படிப்பட்ட பொண்ணு இல்ல. மிஷினை மறைச்சு வச்சு, பழைய துணி கட்டச் சொல்லி நாங்கதான் அப்படிப் படம் எடுத்தோம்" என்றேன்.

அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அப்ப அந்தப் பொண்ணு வேஷம் கட்டி நின்னாளா?" என்றாள்.

"நாங்க கேட்டதால..."

"யாரு கேட்டாலும் வேஷம் கட்டிப் படத்துக்கு நிப்பாளா? இதுவரைக்கும் பட்டிக்காடுன்னு நெனச்சிருந்தேன். நீங்க வந்து சொன்னப்புறம்தான் முழுசாத் தெரியுது."

கடையை விட்டு வெளியே வந்தால் எதிரே கமிசவா பஸ் நிற்கிறது. நடத்துனருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "என்னம்மா, வீட்டுக்கா? ஏறுங்க, ஏறுங்க" என்றார். இல்லை, வேறு வேலையாக வந்தேன் என்று சொல்லிவிட்டு ரயில் நிலையத்துக்கு ஓடினேன். இலைகள் பழுத்து மலை முழுக்கச் சிவந்து கிடந்தது. ரயில் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டேன்.

இந்நேரம் இந்தப் பேச்சும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். வேறொருவர் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன் நானே எழுதியிருக்க வேண்டும். மினேகோவுக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவளிடம் கொடுத்துவிடுங்கள். அறுவடைப் பகுதியை என்னால் எழுத முடியாது என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். வேறொருவர் வேறு ஊருக்குப் போகிறார்.

ரிட்சுகோ


கமிசவா
20 நவம்பர் 1973

ரிட்சுகோவுக்கு,

மேல் முகட்டில் முதல் பனி விழுந்திருக்கிறது. மரங்கள் மொட்டையாகிவிட்டன. முள்ளங்கியெல்லாம் பிடுங்கி உப்பில் போட்டாயிற்று.

துணிக்கடையில் நீ பேசியது வந்து சேர்ந்தது. உன் கடிதத்துக்கு முன்பே வந்து சேர்ந்தது.

மினேகோ போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். உன் மன்னிப்புக் கடிதத்தைக் கொடுத்தேன். உறையைப் பிரிக்காமலே என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"கடுதாசில வேண்டாம் அத்தை. அச்சுல போட்டதை எத்தனையோ பேரு படிச்சாங்க. மன்னிப்பு மட்டும் ஒறைக்குள்ள ஒட்டி ரகசியமா வருமா? அவங்க வரட்டும். வருஷக் கடைசி ஊர்க்கூட்டத்துல எங்கம்மா முன்னாடி சொல்லட்டும்."

பிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. ஜூலையிலேயே அவள் அதைப் படித்துவிட்டிருக்கிறாள். வேலை செய்யும் இடத்தில் யாரோ காட்டியிருக்கிறார்கள். "நீங்க நல்லவிதமாப் படிச்சுக் காட்டினீங்கன்னு அம்மா ஒரே சந்தோஷமாச் சொன்னாங்க. நீங்க மாத்திப் படிச்சது எனக்குப் புரிஞ்சுது. சரி, அம்மா அப்படியே நெனச்சுக்கட்டும்னு நானும் விட்டுட்டேன். அந்தப் பொஸ்தகத்தைத் தூக்கிட்டுக் கடைக்குப் போவாங்கன்னு யாரு கண்டா?" என்றாள். என்மேல் கோபமா என்று கேட்டேன். "உங்க மேலயும்தான். என் மேலயும்தான்" என்றாள்.

அன்று மாலை அறுவடை முடிந்த ஊர்க்கூட்டம். நீ வருவாயோ மாட்டாயோ, என் பங்கை நான் வைத்திருப்பானேன் என்று எழுந்து நின்றேன். தோமே அக்காவின் கண் புரையை நம்பி நான் வரிகளை மாற்றிப் படித்ததையும், மினேகோவை மடக்கித் துணி கட்ட வைத்ததையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக உட்கார்ந்த இடம்தான். அதுவே வேறு யாருடையதோ போலிருந்தது.

உன் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து, "வர்ற வருஷம் தலைவர் பொறுப்ப வேற யாராவது எடுத்துக்கங்க. எங்க வீட்டால இந்த ஊருக்குத் தலைகுனிவு வந்துருச்சு" என்றார். அதற்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம், "மிஷினை மூடறப்பவே நான் தடுத்திருக்கணும்" என்றார்.

வருஷக் கடைசிக் கூட்டம் டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி. வருவதானால் வா. வராவிட்டால் எனக்குக் காரணம் எழுதாதே.

சுமியே


டோக்கியோ
8 ஜனவரி 1974

அண்ணி,

வீட்டில் இருந்த இரண்டு நாளும் நீங்கள் எனக்குச் சோறு போட்டீர்கள், படுக்கை விரித்தீர்கள், அதிகம் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாததை எழுதுகிறேன்.

கூட்டத்தில் யாராவது கத்துவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் வந்தேன். என்ன சொன்னால் என்ன பதில் சொல்வது என்று ரயிலிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். நெற்றி பாயில் படக் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன், நீங்கள்தான் பார்த்தீர்களே. தோமே அக்கா என் குரல் வந்த பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த வரிய நீயா எழுதினே? யாரும் சொல்லிக் குடுக்கலையா?"

"நானாத்தான் எழுதினேன்."

"சரி."

அவ்வளவுதான். அடுத்த பேச்சு, பள்ளிக்கூடப் பாதையில் பனி வாரும் முறை யாருக்கு என்பது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்னைத் திட்டக்கூட இவர்களுக்கு நேரமில்லையா என்று நினைத்தேன். அங்கேயும் நான் நடுவில் நின்று எல்லாரும் என்னைப் பார்க்க வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டிருக்கிறேன். இதைப் புரிந்துகொண்டபோது முகத்தைத் தூக்கவே முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்று. மறுநாள் நான் இறங்கிப் போகும்போது, பனிக்காலத்தில் பஸ் அதற்குமேல் ஏறாமல் நின்றுவிடும் கீழூரில் மினேகோவைப் பார்த்தேன். முழங்கால் வரை பனிக்காலணி போட்டு, முதுகில் மூட்டையோடு, மேலே ஏறி வருவதற்காக பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஓடி ஒளிய இடமில்லை.

"சொல்லிட்டீங்களாமே" என்றாள். கமிசவாவிலிருந்து யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள், அவள் வழியாகத்தானே.

"சொன்னேன். உங்கிட்டயும் சொல்லணும் மினேகோ."

"சொல்ல வேண்டாங்கா. கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. 'ரயில் பாக்காத பொண்ணே, ஒரு நம்பர் போட்டுக் குடு'ன்னு எங்கிட்டயே கேக்கறாங்க. 'இருங்க, இணைக்கிறேன்'னு சொல்லிட்டு இணைச்சு விடறேன். வேலை அதுதானே."

அப்போதும் என் புத்தி போகவில்லை. உன்னைப் பற்றிய உண்மையை எழுதுகிறேன், டெலிபோன் நிலையத்தில் உட்கார்ந்து இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பேச வைக்கும் பெண் என்று எழுதுகிறேன், அதே இடத்தில் அதே அளவில் போட வைக்கிறேன் என்றேன். சொல்லும்போதே அடுத்த வரி மனதில் ஓடியது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் மனதில் ஓடியது தெரிந்திருக்க வேண்டும்.

"என்னை இனிமே எழுதாதீங்க. நல்லவிதமாவும் எழுதாதீங்க" என்றாள். மூட்டையைச் சரி செய்துகொண்டு ஏறத் தொடங்கிவிட்டாள்.

அண்ணி, பத்திரிகை வேலையை விடவில்லை. விட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். சாப்பாட்டுக்கு வேறு வழி தெரியாது. இப்போது பிறர் எழுதியதைத் திருத்தும் வேலைக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருக்கிறேன். கட்டுரையில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இவர் இதைப் படித்தாரா என்று கேட்டு எழுதுகிறேன். அலுவலகத்தில் சிரிக்கிறார்கள்.

நடவுக்கு வரலாமா? கேமரா இல்லாமல், பேனா இல்லாமல். நான் வந்தால் தோமே அக்காவுக்குக் கஷ்டமாக இருக்குமென்றால் வரவில்லை. கேட்டு எழுதுங்கள்.

ரிட்சுகோ


கமிசவா
12 ஏப்ரல் 1974

அன்புள்ள ரிட்சுகோவுக்கு,

வயல்களில் பனி கறுத்துக் கரைந்துகொண்டிருக்கிறது. பனி சீக்கிரம் உருகச் சாம்பல் தூவிய இடமெல்லாம் மண் தெரிகிறது. வாய்க்காலில் இரவும் பகலும் தண்ணீர்ச் சத்தம். பதிலுக்கு இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில், கூரைப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு நாள், துணிக்கடைக்காரர் மகன் குனியோ பனியில் நடந்தே ஏறி வந்தான். நகரத்துக் காலணி, இடுப்பு வரை நனைந்திருந்தான். மினேகோ வீட்டில் இருந்தாள். நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள்.

"அம்மா ஒத்துக்கிட்டாங்க. ஊர்ப்பேச்சும் அடங்கிருச்சு. மறுபடி பேசி முடிச்சுக்கலாம்" என்றானாம்.

"உங்கம்மா கடையில சத்தம் போட்டுப் படிச்சப்போ நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டாளாம்.

"கடையிலதான்."

"எங்கம்மா மறுபடியும் மறுபடியும் 'சரியாப் பாருங்க'ன்னு கேட்டப்போ?"

"உள்ளதான் இருந்தேன். துணி மடிச்சிட்டு இருந்தேன்."

பொய் சொல்லாமல் சொன்னானே என்று அவளுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்ததாம். நனைந்த காலுறையைக் கணப்பில் காயவைத்துக் கொடுத்தாள், சூடாக மிசோ சூப் கொடுத்தாள், இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள் என்று அனுப்பிவிட்டாள். தோமே அக்கா பக்கத்து அறையிலேயே இருந்தாளாம். தடுக்கவில்லை.

மார்ச்சில் மினேகோ நீகாட்டாவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பெரிய நிலையம், கடலோரம். அங்கே அவள் பெயர் யாருக்கும் தெரியாது, அதுவே பெரிய நிம்மதி என்று சொன்னாள். அவளை ஏற்றிவிட உன் அண்ணன்தான், பனிக்காலத்துக்குக் கீழூரில் விட்டிருந்த வண்டியில், ரயிலடிவரை கொண்டுபோனார். வழியில் அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாராம். "மாமா, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாளாம். வீட்டுக்கு வந்து சொல்லும்போது அவர் சிரித்தார், வெகு நாளைக்குப் பிறகு. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தோமே அக்கா வீட்டில் இப்போது அவள் ஒருத்திதான். இந்த வருஷம் அவள் வயலுக்கும் சேர்த்து நாங்கள் மிஷின் ஓட்டுகிறோம் என்று கேட்கப் போனேன். ஓட்டுங்கள் என்றாள். நன்றி சொல்லவில்லை. அப்படியே உன் விஷயத்தையும் கேட்டுவிட்டேன். ரிட்சுகோ நடவுக்கு வரட்டுமா, உங்களுக்குச் சங்கடமென்றால் வேண்டாமாம் என்றேன்.

மண்வெட்டியால் பனியைக் கொத்திக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"பொறந்த ஊருக்கு வர்றதுக்கு எங்கிட்ட என்ன கேள்வி? வரட்டும். அவகிட்ட நான் பேசுவேன்னு மட்டும் சொல்லிடாத."

சரி என்றேன்.

என்னிடமும் அவள் தண்ணீர், வெயில், காட்டுப்பன்றி இவற்றைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. நான் வாசலில் கீரை வைத்துவிட்டு வந்தால் எடுத்துக்கொள்கிறாள். கூடையைக் கழுவி என் வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். எனக்குக் கிடைப்பது அவ்வளவுதான். உனக்கு அதுகூடக் கிடைக்காமல் போகலாம். அதைத் தெரிந்துகொண்டு வா.

பஸ் எப்போது ஓடத் தொடங்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. கீழூர் வளைவில் பனி சரிந்து கிடக்கிறது. நீ நடந்துதான் ஏற வேண்டியிருக்கும்.

சுமியே